தலைப்புப் பக்கத்தின் பின்புறம்

ஸ்ரீ ராமாநுஜரின் தத்துவத்தைப் பற்றி நம் நாட்டாரும் மேல்நாட்டாரும் எழுதியிருக்கும் ஆராய்ச்சி நூல்களின் கடைசிப் பக்கங்களைப் புரட்டுகிறவர்கள், ஆதார நூல்களின் வரிசையில், 'காஞ்சீபுரம், கிரந்தமாலா ஆபீஸ், 1956' என்ற குறிப்பை மீண்டும் மீண்டும் சந்திப்பார்கள். உலகப் பெருநகரங்களின் பெயர்களுக்கு நடுவே நம் ஊரின் பெயரும் அங்கே சரிசமானமாக நிற்பதற்குக் காரணமாயிருந்தது பெரிய பிரசுர ஸ்தாபனம் ஏதுமில்லை. பிரதிவாதி பயங்கரம் அண்ணங்கராசாரியர் என்ற ஒரே ஒரு மகாவித்வான்தான். 1891-இல் பிறந்து 1983-இல் மறைந்த அப்பெரியவர், நாலாயிர திவ்யப் பிரபந்தத்துக்குத் 'திவ்யார்த்த தீபிகை' என்ற உரையைத் தாமே எழுதி, ஆசாரியர்களின் கிரந்தங்களைத் தாமே பரிசோதித்து, அவற்றைத் தம் ஊரிலிருந்தே வரிசை வரிசையாக வெளியிட்டு வந்தார். சுயபதிப்பு என்று இன்று நாம் புதுமைபோலப் பேசுவதை ஓர் ஆயுட்காலத் தொண்டாகவே அவர் நடத்திக் காட்டினார் என்பதும், அவருடைய புலமை எவ்வளவு பெரிதாயினும் ஊர், பிரசுராலயம், வருஷம் என்ற மூன்று விவரங்கள் அச்சாகியிருந்திராவிட்டால் அதை மேற்கோள் காட்டப் பிறருக்கு வழி இருந்திராது என்பதும் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியவை.

காஞ்சிபுரத்தில் இப்போதும் புத்தகங்கள் பிறந்துகொண்டுதான் இருக்கின்றன. ஓய்வு பெற்ற தமிழாசிரியர் தம் தெருக் கோயிலின் வரலாற்றை எழுதுகிறார். வாழ்நாளைத் தறியில் கழித்த நெசவாளி கவிதைத் தொகுதி ஒன்றைக் கொண்டுவருகிறார். பஜனைக் கோஷ்டியினர் தாங்கள் பாடும் பாடல்களைத் திரட்டி அச்சிடுகிறார்கள். அட்டைப் படத்துக்கும் அணிந்துரைக்கும் இவர்கள் காட்டுகிற கவலையில் பத்தில் ஒரு பங்கேனும் தலைப்புப் பக்கத்தின் பின்புறத்துக்கு, அதாவது உரிமை விவரங்கள் அச்சாகும் பக்கத்துக்குக் கிடைப்பதில்லை. முந்தைய வாடிக்கையாளரின் புத்தகத்துக்காகக் கணிப்பொறியில் வைத்திருந்த பக்கத்தையே எடுத்து, பெயரை மட்டும் மாற்றிப் போட்டுவிடுகிறார்கள் அச்சகத்தார். விளைவு என்னவென்றால், எந்தப் பகுதியையும் எந்த வடிவிலும் எவரும் எடுத்தாளக் கூடாது, மீறினால் சட்டப்படி நடவடிக்கை எடுக்கப்படும் என்ற எச்சரிக்கை பலமாக ஒலிக்கும். வருஷம் இராது, ஊர் இராது, உள்ளேயுள்ள படங்களை எடுத்தவர் யார் என்பதும் இராது. ஐந்நூறு பிரதிகள் அச்சிட்டு முந்நூறை நண்பர்களுக்கு இனாமாக வழங்கும் ஆசிரியர், திருடனை எண்ணி இவ்வளவு அஞ்சுவது சற்று வேடிக்கைதான். இந்தப் பக்கம் முதன்மையாக ஒரு வாக்குமூலம். இதை எழுதியவன் நான், இன்ன ஊரில் இன்ன வருஷத்தில் வெளியிட்டேன், இன்னின்னது பிறருடையது என்று வாசகனுக்கும் வருங்காலத்துக்கும் ஆசிரியன் செய்யும் பிரமாணம் என்பது என் அபிப்பிராயம்.

இந்த வழக்கம் அச்சு யந்திரத்தோடு வந்ததென்று எண்ணுவதற்கில்லை. நூலாசிரியனின் பெயர், நூல் வந்த வழி, அது வழங்கும் எல்லை, நூலின் பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என எட்டையும் சிறப்புப் பாயிரத்தில் சொல்ல வேண்டும் என்று நன்னூலில் விதித்த பவணந்தியார், காலம், களம், காரணம் என்ற வேறு மூன்றையும் சேர்த்துச் சொல்வோரும் உண்டு என்கிறார். இவற்றில் ஆக்கியோன், நூற்பெயர், காலம், களம் ஆகிய நான்கும் இன்றைய உரிமைப் பக்கத்தின் அஸ்திவாரமே ஆகும். வழி என்பதும் இன்று மிகவும் வேண்டப்படுவது. மொழிபெயர்ப்பாயின் எந்த மூலத்திலிருந்து, தொகுப்பாயின் எந்தப் பதிப்பிலிருந்து என்று சொல்லும் கடமை அதில் அடங்கும். நம் ஊர்க் குமரகோட்டத்தில் கந்தபுராணம் அரங்கேறிய வரலாற்றில் இன்னும் ஒரு படி மேலே போகிறோம். கச்சியப்ப சிவாசாரியர் அன்றன்று எழுதிய ஏடுகளை இரவில் சந்நிதியில் வைத்துப் பூட்டிவிட, காலையில் அவை முருகப்பெருமானால் திருத்தப்பட்டிருந்தன என்றும், முதலடியையே பெருமான்தான் எடுத்துக் கொடுத்தார் என்றும் ஐதீகம். கூட்டாசிரியர் இன்னார் என்பதை ஊரறியச் சொல்லிவிடும் இந்த நேர்மை, நண்பர் ஒருவர் வரிக்கு வரி செப்பனிட்டுக் கொடுத்த நூலில் அவர் பெயரை எங்குமே காட்டாமல் விட்டுவிடும் நம் காலத்து ஆசிரியர்களுக்கு வாய்த்தால் நன்று.

அச்சு வந்த பிறகு இந்த விவரங்களை அரசாங்கமே கேட்டு வாங்கத் தொடங்கியது. 1857-ஆம் வருஷத்துக் கிளர்ச்சிக்குப் பத்தாண்டுகள் கழித்து நிறைவேறிய 1867-ஆம் வருஷத்து 25-ஆவது சட்டம், இந்தியாவில் அச்சாகும் ஒவ்வொரு புத்தகத்திலும் அச்சிட்டவர் பெயரும் இடமும், வெளியிட்டவர் பெயரும் இடமும் தெளிவாகப் பொறிக்கப்பட வேண்டும் என்று கட்டளையிட்டது. அறிவுத் தாகத்தால் பிறந்த சட்டமென்று அதைச் சொல்ல முடியாது. யார் எதை அச்சிடுகிறார்கள் என்று ஆள்கிறவர்கள் கண்காணிப்பதற்கு அது கருவியாயிற்று. எனினும் அதன்படி ஒப்படைக்கப்பட்ட பிரதிகளைக் கொண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை தயாரிக்கப்பட்ட அட்டவணைகள்தாம், பத்தொன்பதாம் நூற்றாண்டின் தமிழ்ப் பதிப்புச் சரித்திரத்தை எழுதுகிறவர்களுக்கு இன்று பொக்கிஷமாக இருக்கின்றன.

அதே 1867-இல்தான் திருவருட்பாவின் முதற் பதிப்பும் வெளிவந்தது. காஞ்சிபுரம் சபாபதி முதலியாரிடம் இளமையில் கல்வி பயின்ற இராமலிங்க அடிகள், தம் பெயரை 'இராமலிங்கசாமி' என்று அச்சிடுவது ஆரவாரத்துக்கு இடமாகும், அவ்வாறு போட வேண்டாம் என்று அன்பர் இறுக்கம் இரத்தின முதலியாருக்குக் கடிதம் எழுதினார். தம் பெயருக்கு முன்னும் பின்னும் பட்டங்களை அடுக்கி, இந்தப் பக்கத்திலும் அவற்றைத் திரும்பப் பொறித்துக்கொள்ளும் கவிஞர்கள் அக்கடிதத்தைத் தேடிப் படிப்பது நல்லது.

கண்காணிப்புக்கென ஏற்பட்ட அச்சட்டம் சுதந்திரத்துக்குப் பிறகும் நெடுநாள் நீடித்தது. அதை நீக்கிவிட்டு அதன் இடத்தில் 2023-இல் நிறைவேற்றப்பட்டு, 2024 மார்ச் 1 முதல் அமலுக்கு வந்திருக்கும் புதிய சட்டம், பருவ வெளியீடுகளை மட்டுமே தன் வரம்பில் வைத்துக்கொண்டு புத்தகங்களை விட்டுவிட்டது. ஆகவே, அச்சகத்தின் பெயரையும் ஊரையும் போடாவிட்டால் 1867-ஆம் வருஷத்துச் சட்டப்படி தண்டனை வரும் என்ற பயம் இனி இல்லை. போலீஸ்காரனுக்காகச் சொன்ன முகவரியை இனி வாசகனுக்காகச் சொல்லும் நிலைக்கு நாம் வந்திருக்கிறோம். இதை முன்னேற்றம் என்றே கருதுகிறேன்.

வருஷத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். பழைய பதிப்புகள் பலவற்றில் பிரபவ வருஷம் ஆனி மாதம் என்ற தோரணையில் தமிழ் வருஷம் மட்டுமே காணப்படும். அறுபதாண்டுச் சக்கரத்தில் பிரபவ 1867-இலும் 1927-இலும் 1987-இலும் வந்திருப்பதால், எழுத்தின் வடிவையும் தாளின் பழுப்பையும் கொண்டு எந்தப் பிரபவ என்று ஊகிக்கும் வேலை ஆராய்ச்சியாளர் தலையில் விழுகிறது. சம்பிரதாயத்தை விரும்புகிறவர்கள் தமிழ் வருஷத்தைத் தாராளமாகப் போடட்டும். பக்கத்திலேயே கிறிஸ்தவ ஆண்டையும் போட்டுவிட வேண்டும். பதிப்புரிமையின் ஆயுளும் நம் நாட்டில் அறுபது வருஷம்தான் என்பது ஒரு விசித்திரமான ஒற்றுமை. ஆசிரியர் காலமான வருஷத்துக்கு அடுத்த ஜனவரியிலிருந்து அந்த அறுபது கணக்கிடப்படுகிறது. காஞ்சியிலிருந்து 'திராவிட நாடு' நடத்திய அண்ணா 1969 பிப்ரவரியில் மறைந்தார்; அவருடைய எழுத்துக்கள் நாட்டுடைமை ஆக்கப்படாதிருந்தால் 2029-ஆம் வருஷம் முடியும் வரையில் உரிமை வாரிசுகளிடமே இருந்திருக்கும். நாலாயிரம் எவருடைய சொத்துமில்லை. ஆனால் அண்ணங்கராசாரியரின் உரைக்கு, உரிமையைத் துறந்ததாக ஏற்பாடு ஏதும் இல்லாவிடில், 2043 முடியும் வரையில் சட்டப் பாதுகாப்பு உண்டு. மூலம் ஆழ்வாருடையதுதானே என்று எண்ணி, பதவுரையையும் சேர்த்து எடுத்து அச்சிட்டுவிடும் பக்தர்கள் இந்த வேறுபாட்டை உணர்வதில்லை.

ஸ்தலபுராணம் எழுதுகிறவர்களுக்கும் இதே விவேகம் வேண்டும். கைலாசநாதர் கோயில் சாசனங்களை ஹுல்ட்ஸ் 1890-இல் தென்னிந்தியச் சாசனங்களின் முதல் தொகுதியில் வெளியிட்டார். வைகுந்தப் பெருமாள் கோயிலின் சரித்திரச் சிற்பங்களைப் பற்றி மீனாட்சி அம்மையார் எழுதிய நூல், அவர் இளமையிலேயே 1940-இல் காலமான பிறகு, 1941-இல் தொல்பொருள் இலாகாவின் வெளியீடாக வந்தது. இவ்விரண்டுக்கும் உரிமைக் காலம் கடந்துவிட்டதால் எவருடைய அனுமதியும் தேவையில்லை. அனுமதி தேவையில்லை என்பதனாலேயே பெயர் சொல்லவும் தேவையில்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்களே, அங்கேதான் குற்றம். அவர்கள் கண்டு படித்துச் சொன்னதைத் தாமே கல்வெட்டின் முன் நின்று படித்ததுபோல் எழுதுவதைச் சட்டம் தண்டிக்காமல் விடலாம். கற்றவர்கள் சபை மன்னிக்காது.

'உரிமை: ஆசிரியருக்கு' என்ற இரண்டு சொற்களிலும் பொருள் உண்டு. 1957-ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதியவரே முதல் உரிமையாளர்; பதிவு செய்வது கட்டாயமில்லை; செய்தால் வழக்கில் சாட்சியமாக உதவும், அவ்வளவே. அச்சகத்தாரோ உதவிய பதிப்பகத்தாரோ தங்கள் பெயருக்கு எதிரே 'உரிமை' என்று அச்சிட்டுக்கொண்டாலும், ஆசிரியர் கையொப்பமிட்ட பத்திரம் இல்லாமல் உரிமை கைமாறாது. பத்திரத்தில் காலம் குறிக்கப்படாவிடில் ஐந்து வருஷம் என்றும், பிரதேசம் குறிக்கப்படாவிடில் இந்தியா மட்டும் என்றும் சட்டமே பொருள் கொள்கிறது. படங்களின் விஷயம் இதைவிட நுட்பமானது. கூலி கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிடில், எடுக்கச் சொன்னவர் உரிமையாளர். சிநேகிதர் அன்புக்காக இலவசமாக எடுத்துத் தந்த கோபுரப் படத்துக்கு அந்தச் சிநேகிதரே உரிமையாளர். இனாமாக வாங்கியதற்குத்தான் எழுத்தில் சம்மதம் அவசியம் என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். தம் பாடல்களை யார் வேண்டுமானாலும் அச்சிட்டுக்கொள்ளலாம் என்று நினைக்கும் உதார குணமுள்ளவர்கள் அதையும் இங்கே தெளிவாக எழுத வேண்டும். எழுதாத தாராளம், ஆசிரியர் மறைந்ததும் வாரிசுகளின் மனப்போக்கைப் பொறுத்ததாகிவிடுகிறது. பாரதியின் பாடல்கள் கை மாறிக் கை மாறிச் சென்று, முடிவில் 1949-இல் சென்னை அரசாங்கமே உரிமையைப் பெற வேண்டியிருந்ததை நாம் மறந்துவிடவில்லை.

வட்டத்துக்குள் ஆங்கில 'சி' எழுத்தைப் போடுவதா வேண்டாமா என்பது பெரிய விவாதத்துக்கு உரியதன்று. போட்டால் பார்வைக்கு உதவும். போடாவிட்டாலும் உரிமை குறையாது.

ஐ.எஸ்.பி.என். எண்ணைப் பற்றிய மயக்கமோ அவ்வளவு அற்பமானதில்லை. அந்தப் பதின்மூன்று இலக்கங்கள் உரிமையையும் தருவதில்லை, தரத்தையும் காட்டுவதில்லை. புத்தகத்தையும் அதை வெளியிட்டவரையும் அடையாளம் காட்டுகின்றன. 978-க்கு அடுத்து 81 அல்லது 93 என்றிருந்தால் இந்திய வெளியீடு என்று அறியலாம். புதுடில்லியிலுள்ள ராஜா ராம்மோகன் ராய் பெயரிலான தேசிய முகமை இதைத் தனி ஆசிரியர்களுக்கும் இலவசமாகவே வழங்குகிறது. அப்படியிருக்க, தரகர்களுக்குப் பணம் கொடுத்து, வேறொரு பதிப்பகத்தின் வரிசையிலிருந்து ஓர் எண்ணை வாங்கிப் போட்டுக்கொள்வது, தன் தறியில் நெய்த சேலைக்கு அயலார் கடைச் சீட்டை ஒட்டுவதற்குச் சமம். உலகப் பதிவேட்டில் அந்தப் புத்தகத்தை வெளியிட்டவர் அந்த அயலாராகவே இருப்பார். திருத்தம் செய்த புதிய பதிப்புக்குப் புதிய எண் வேண்டும். மாற்றமின்றி மறுபடி அச்சிட்டால் பழைய எண்ணே போதும். மறுஅச்சையெல்லாம் 'இரண்டாம் பதிப்பு', 'மூன்றாம் பதிப்பு' என்று போட்டுக்கொள்ளும் நம்மவர் வழக்கத்தை இந்த விதி கொஞ்சம் கட்டுப்படுத்தக் கூடும். தாளின் எடை கிலோ கணக்கிலும், எழுத்தின் அளவு புள்ளிக் கணக்கிலும், கட்டடத்தின் வகையும் பட்டியலிடப்பட்ட பழைய பக்கங்களை இளைஞர்கள் பரிகசிக்கிறார்கள். எனக்கு அவை பிடிக்கும், ஆயினும் இன்றைக்கு அவை அவசியம் என்று வற்புறுத்த மாட்டேன். அச்சிட்டவர் பெயரை மட்டும் விட்டுவிடலாகாது.

இவ்வளவும் சரியாக அமைந்த பின் செய்ய வேண்டிய காரியம் ஒன்று மீதியிருக்கிறது. 1954-ஆம் வருஷத்துச் சட்டப்படி, வெளியிட்ட முப்பது நாளுக்குள் கல்கத்தா தேசிய நூலகம், சென்னைக் கன்னிமரா, பம்பாய் மத்திய நூலகம், டில்லிப் பொது நூலகம் ஆகிய நான்குக்கும் ஒவ்வொரு பிரதியைத் தன் செலவில் அனுப்புவது வெளியிடுகிறவர் கடமை. சுயபதிப்பில் அவர் ஆசிரியரேதான். தவறினால் ஐம்பது ரூபாய் வரை அபராதமும் புத்தகத்தின் விலையும் என்று சட்டம் சொல்கிறது. அபராதம் கேலிக்குரிய அளவில் இருப்பதால்தானோ என்னவோ, பலர் இதைக் கேள்விப்பட்டதே இல்லை. கல்கத்தாவுக்குச் செல்லும் பிரதி, அச்சானவற்றுள் மிக நல்ல தாளில், படங்கள் எதுவும் குறையாமல், நன்கு தைத்துக் கட்டப்பட்டதாக இருக்க வேண்டும் என்பதும் அச்சட்டத்தின் நிபந்தனை. அதையும் டில்லி, பம்பாய்ப் பிரதிகளையும் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு, கன்னிமராவுக்குரியதை மட்டும் காஞ்சிபுரத்துக்காரர் பஸ் ஏறி எழும்பூருக்கே கொண்டுபோய்க் கொடுத்து ரசீது வாங்கி வரலாம்.