நேஜிக்கு கொடுத்த வாக்கு என்னாச்சு நருட்டோ?

டிஸ்கி: நருட்டோ கதையை கடைசி பக்கம் வரைக்கும் போட்டு உடைச்சிருக்கேன். ப்ளீச், ஒன் பீஸ், ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட், டீமன் ஸ்லேயர்லயும் முக்கியமான முடிச்செல்லாம் அவுந்துடும். இன்னும் படிக்காதவங்க இப்படியே அப்பீட் ஆகிக்கலாம்.

ஜப்பான்ல வர்ற ஷோனென் ஜம்ப் வார இதழுக்கு மூணே வார்த்தையில ஒரு தாரக மந்திரம் உண்டு. நட்பு, முயற்சி, வெற்றி. நட்பு ஓகே. வெற்றியும் ஓகே, ஹீரோ ஜெயிக்காம எங்க போகப்போறான். நடுவுல உக்காந்திருக்கே முயற்சின்னு ஒண்ணு, அதைப் பத்தித்தான் இன்னிக்கு பஞ்சாயத்து. முயற்சி முயற்சின்னு நூறு அத்தியாயம் பேசிட்டு, கடைசியில பரம்பரைச் சொத்தை எடுத்து ஹீரோ கையில குடுக்கற பழக்கம் இந்தக் கதைகள்ல ரொம்ப நாளா இருக்கு. அதுல நம்பர் ஒன் குற்றவாளி, நான் ரொம்ப நேசிச்சு படிச்ச நருட்டோ.

கிஷிமோட்டோ மசாஷி 1999ல ஆரம்பிச்சு 2014ல முடிச்ச கதை. 700 அத்தியாயம், 72 தொகுப்பு. எத்தனையோ கதை இருக்க இதை ஏன் கூண்டுல ஏத்தணும்னு கேப்பீங்க. மத்தவங்க யாரும் இவ்ளோ வெளிப்படையா சத்தியம் பண்ணலை சாமி. சத்தியமே பண்ணாதவன்கிட்ட போய் ஏன் மீறினேன்னு கேக்க முடியாதுல்ல?

அந்த சத்தியம் என்னன்னு பாப்போம். முதல் அத்தியாயத்துல நருட்டோ யாரு? பட்டமளிப்புத் தேர்வுல மூணு தடவை ஃபெயிலான பையன். அதுவும் எதுல? நிழல்பிம்பம் உருவாக்கற சாதாரண வித்தையில. ஊர்ல ஒருத்தன் முகம் குடுத்துப் பேச மாட்டான். உள்ளுக்குள்ள ஒன்பது வால் நரியை அடைச்சு வெச்சிருக்காங்கங்கறதே அவனுக்குத் தெரியாது. அரியர் வெச்சவன், கடைசி பெஞ்சுல உக்காந்தவன்னு எங்களை மாதிரி ஒரு பெரிய கூட்டமே இந்தக் கதைக்குள்ள போனது இந்தப் பையனைப் பாத்துத்தான். சாசுகேவோட சிகையலங்காரத்தைப் பாத்து போனவங்களும் உண்டு, அவங்களை விட்டுடுவோம்.

ராசென்கான் கத்துக்கற இடம் ஞாபகம் இருக்கா? தண்ணி நிரப்பின பலூனை உள்ளங்கை சக்தியால சுத்தவிட்டு உடைக்கணும், அடுத்து ரப்பர் பந்து, அதுக்கப்புறம் காத்தடைச்ச பலூன் உடையாம உள்ளயே சுத்தணும். ஜிராயா சொல்லிட்டு ஓரமா போயிடறார். பய கை புண்ணாகுது. ஒரு கையால அவனால கடைசி வரைக்கும் முடியலை. என்ன பண்றான்? தன்னை மாதிரியே ஒரு நகலை உண்டாக்கி, ஒருத்தன் உருண்டையைப் பிடிச்சுக்க இன்னொருத்தன் சுத்தவிடறான். எந்த வித்தையில மூணு தடவை ஃபெயில் ஆனானோ அந்தக் குடும்பத்து வித்தையையே முட்டுக் குடுத்து பாஸாகறான். மக்குப் பையனுக்கே உரிய குறுக்கு மூளை. இதை எழுதின கைக்கு தங்கக் காப்பு போடலாம்.

அப்புறம் ராக் லீ. நிஞ்சாக்கள் கதையில நிஞ்சா வித்தையே வராத ஒரு பையனை வெச்சதே பெரிய தில்லு. கால்ல கட்டின எடையைக் கழட்டிப் போடறான், தரை பொளந்துக்குது. காரா பக்கத்துல ஒருத்தனும் நெருங்க முடியாதுன்னு இருந்தப்ப முதல்ல அவன் மூஞ்சியில குத்து விட்டது லீ தான். தோத்தான். கையும் காலும் நசுங்கி, அறுவை சிகிச்சை பண்ணா பிழைக்கறதுக்கு பாதிக்குப் பாதி தான் வாய்ப்புங்கற நிலைமைக்குப் போனான். ஆனாலும் அந்த சண்டையைப் பாத்துட்டு எவனாவது காரா ரசிகனா மாறியிருப்பானா?

இப்ப மெயின் மேட்டர், நேஜி. ஹியூகா குலத்துல ரெட்டைப் பிள்ளைங்க பிறக்கறாங்க. முந்திப் பொறந்தவர் தலைக்கட்டு வீடு, பின்னாடி பொறந்தவர் கிளை வீடு. கிளை வீட்டுக்காரங்க நெத்தியில ஒரு முத்திரை குத்துவாங்க. தலைக்கட்டு வீட்டுக்காரங்க நினைச்சா அந்த முத்திரை மூலமா இவன் மூளையைக் கொதிக்க வைக்கலாம். செத்தாத்தான் அந்த முத்திரை அழியும். நேஜியோட அப்பா, அண்ணன் உயிருக்கு பதிலா தன் உயிரைக் குடுத்தவர். நேஜிக்கு தலைக்கட்டு வீட்டு ரகசிய வித்தைகளை யாரும் சொல்லித் தரலை. தானே கண்டுபிடிச்சு கத்துக்கிட்டவன். ஏகலைவன் கேஸு. அவ்ளோ திறமை இருந்தும் அவன் மனசுல ஊறினது ஒண்ணே ஒண்ணு: பொறப்பு தான் எல்லாம், தலையெழுத்தை மாத்த முடியாது.

சூனின் தேர்வுல அந்த நேஜியை நருட்டோ தரையைக் குடைஞ்சு கீழேர்ந்து வந்து ஒரே குத்துல சாய்க்கறான். அப்புறம் சொல்றான், நகல் வித்தை தான் எனக்கு வரவே வராத வித்தை, அதுலதான் எப்பவும் ஃபெயிலாவேன்னு. கூடவே ஒரு வாக்கும் குடுத்திருந்தான்: நான் ஹொகாகே ஆனா ஹியூகாவை மாத்திக் காட்டறேன்னு. (அந்த சண்டைக்கு நடுவுல நரியோட சக்தியை கொஞ்சம் கடன் வாங்கினான்தான். பரவால்ல, குத்து அவனுது.)

மொத்தக் கதையும் நிக்கறது இந்த வாக்கு மேல. இனி கிஷிமோட்டோ அதை எப்படிக் காலி பண்றார்னு வரிசையா பாருங்க.

முதல்ல அப்பா. ரெண்டாவது பாகத்துல தெரியுது, நாலாவது ஹொகாகே மினாட்டோ தான் தகப்பனாராம். ராசென்கானைக் கண்டுபிடிச்சதும் அவர்தான். அடுத்தது அம்மா குஷினா. அபாரமான உயிர்சக்தி உள்ள உஸுமாகி குலம், அவங்களும் அதே நரியை சுமந்தவங்க. இது வரைக்கும் கூட நான் பொறுத்துக்குவேன். முடி கலரைப் பாத்தே பாதிப் பேர் ஊகிச்ச விஷயம்தான். அம்மா அப்பாவை அவன் சந்திக்கற இடங்கள் நல்ல இடங்கள், அழ வெச்சிருக்கு. இல்லேன்னு சொன்னா பொய்.

2014ல வந்தது பாருங்க ஒரு அணுகுண்டு. ஆறு பாதை முனிவர் ஹகொரோமோன்னு ஒரு பெரியவர். அவருக்கு ரெண்டு பிள்ளைங்க, இந்திரா, அஷுரா. நம்ம இந்திரனும் அசுரனும்தான், பௌத்தத்தோட சேந்து ஜப்பானுக்குப் போனவங்க. இங்க அசுரன் நல்லவன், அந்த வகையில கிஷிமோட்டோவுக்கு ஒரு சபாஷ். அந்த ரெண்டு பேரும் தலைமுறை தலைமுறையா மறுபிறவி எடுத்து சண்டை போடறாங்களாம். சாசுகே இந்திராவோட மறுபிறவி, நருட்டோ அஷுராவோட மறுபிறவி. அதாவது நேஜி சொன்னது தான் சரி. எல்லாம் பொறக்கும்போதே எழுதி வெச்சாச்சு. நேஜிக்கு கொஞ்சம் பெரிய எழுத்துல படிக்கத் தெரியலை, அவ்ளோதான்.

இதுல பெரிய கொடுமை, இந்த விஷயம் வர்ற இடம். 670ஐ ஒட்டின அத்தியாயங்களை எடுத்துப் பாருங்க. லீயோட வாத்தியார் மைட் கய் எட்டாவது வாசலைத் திறக்கறார். திறந்தா சாவு நிச்சயம். அவரோட அப்பா வாழ்நாள் பூரா கடைசி படியிலயே இருந்த நிஞ்சா. பிள்ளைக்கு அவர் விட்டுட்டுப் போன சொத்து இந்த ஒரு வித்தை தான், அதையும் வருஷக்கணக்கா உடம்பை வருத்தித்தான் வாங்கணும். கய் ரத்தமெல்லாம் ஆவியாகற அளவுக்கு எரிஞ்சுக்கிட்டே ஒரு உதை விடறார். மதாரா பாதி உடம்போட கிடக்கறான், கிடந்துக்கிட்டே பாராட்டறான். முயற்சிக்கு இந்தக் கதை கட்டின மிகப்பெரிய கோயில் அது. அதே சமயம், அதே அத்தியாயங்கள்ல, இன்னொரு பக்கம் நருட்டோ என்ன பண்றான்? மயக்கத்துல கிடக்கறான். கனவுல முனிவர் வந்து உள்ளங்கையில சக்தியைக் குடுத்துட்டுப் போறார். எழுந்து வந்து கய் வாத்தியாரைத் தொட்டு உயிர்பிழைக்க வைக்கறான், அப்புறம் சண்டையை அவன் எடுத்துக்கறான். ஒருத்தர் ஆயுசை எரிச்சும் முடிக்க முடியாததை இன்னொருத்தன் தூங்கி எழுந்து பண்றான். வாத்தியாருக்கு மிச்சம் சக்கர நாற்காலி.

நேஜியாவது நல்லா இருந்தானான்னா அதுவும் இல்லை. 2013 தொடக்கத்துல, போர்க்களத்துல, நருட்டோவையும் தலைக்கட்டு வீட்டுப் பொண்ணு ஹினாட்டாவையும் காப்பாத்த குறுக்க விழுந்து செத்துப் போறான். அப்பன் அண்ணனுக்காக செத்தான், பிள்ளை அண்ணன் மகளுக்காக செத்தான். இது அவனாவே எடுத்த முடிவு, சுதந்திரமா செத்தான்னு வசனம் வேற. கிளை வீட்டுக்காரனுக்கு சுதந்திரம் கிடைக்கற ஒரே வழி சாவுன்னு அவனே பன்னெண்டு பதிமூணு வயசுல கோவமா சொன்னதை, கதை இப்ப பெருமையா சொல்லுது. அப்புறம் நருட்டோ ஹொகாகே ஆனானே, ஹியூகா வீட்டுல அந்த முத்திரையை எடுத்தானா? 700 அத்தியாயத்துல ஒரு பக்கம், ஒரு கட்டம், காட்டலை. ஹினாட்டாவைக் கல்யாணம் பண்ணி தலைக்கட்டு வீட்டு மாப்பிள்ளை ஆனதைக் காட்ட மட்டும் இடம் இருந்துது.

ஹொகாகே பட்டியலை ஒரு தடவை எழுதிப் பாருங்க, சிரிப்பு வரும். முதலாமவர், அடுத்து அவர் தம்பி, மூணாவது அவங்க ரெண்டு பேரோட சிஷ்யர், நாலாவது அந்த சிஷ்யரோட சிஷ்யருக்கு சிஷ்யர், அஞ்சாவது முதலாமவரோட பேத்தி, ஆறாவது நாலாமவரோட சிஷ்யர், ஏழாவது நாலாமவரோட பிள்ளை. வாரிசு அரசியல்னு நாம இங்க சிலரைத் திட்டறோம், அவங்க பாவம்.

இதுக்கு ரசிகக் கண்மணிகள் வழக்கமா ரெண்டு பதில் வெச்சிருக்காங்க. ஒண்ணு: "அஷுராவும் திறமை இல்லாம முயற்சியால முன்னுக்கு வந்தவன் தானே?" ஆமாங்க, அதனால இன்னும் மோசமாயிடுச்சு. முயற்சி பண்ற குணமே பூர்வஜென்ம வாசனைன்னு ஆயிடுச்சு. பலூனை உடைக்க கை புண்ணாக்கிக்கிட்டது கூட நருட்டோவோட சொந்த சம்பாத்தியம் இல்லைன்னு ஆகுது. ரெண்டாவது: "நருட்டோ கதை முயற்சியைப் பத்தினதே இல்லை, தனிமையையும் வெறுப்பையும் பத்தினது." இதுல நிஜமாவே நியாயம் இருக்கு. பெயின் ஊரையே தரைமட்டமாக்கின பிறகு அவனைக் கொல்லாம உக்காந்து பேசற இடம் அதுக்கு சாட்சி. ஆனா அப்படின்னா நேஜி எதுக்கு, லீ எதுக்கு? தனிமையைப் பத்தி மட்டும் பேசறதுன்னா காரா ஒருத்தன் போதுமே. பொறப்பா முயற்சியாங்கற கேள்வியை நாம கேக்கலை, கிஷிமோட்டோவே நடுக்கூடத்துல கொண்டாந்து வெச்சார். கேட்டவர் தான் பதில் சொல்லணும்.

ஏன் இப்படி ஆகுதுன்னு யோசிச்சா ஆசிரியர் மேல கொஞ்சம் பரிதாபமும் வருது. வாரத்துக்கு இருபது பக்கத்தை ஒட்டி வரையணும். வாசகர் ஓட்டு குறைஞ்சா தொடரையே தூக்கிடுவாங்க. ஒவ்வொரு வில்லனும் முந்தின வில்லனை விடப் பெரிய ஆளா இருக்கணும். நிலாவுக்கு மாயவித்தை போட்டு உலகத்தையே தூங்க வைக்கற மதாராகிட்ட, பலூன் உடைச்சுப் பழகின பையனை எப்படிக் கொண்டு போய் நிறுத்தறது? முயற்சியைக் காட்டறதுக்கு பக்கம் பக்கமா வேணும். ரத்த சம்பந்தத்தைக் காட்ட ஒரே ஒரு ஃபிளாஷ்பேக் போதும். ஆனா வில்லனை அவ்ளோ ஊதிப் பெருக்க வெச்சது யாரு?

மத்தவங்களும் யோக்கியம் இல்லை. ப்ளீச்ல பேய் கண்ணுக்குத் தெரியற சாதாரணப் பள்ளிக்கூடப் பையன் இச்சிகோ, போகப் போக அப்பா பக்கம் ஷினிகாமி, அம்மா பக்கம் குயின்ஸின்னு சீர்வரிசை வந்துக்கிட்டே இருக்கு. ஒன் பீஸ்ல ரப்பர் மாதிரி இழுபடற ஒரு மொக்கை சக்தியை வெச்சு மூளையால ஜெயிக்கறான்னு தானே 1997லேர்ந்து ரசிச்சோம்? 2022ல 1044வது அத்தியாயத்துல, அது ரப்பர் பழமே இல்லை, நிக்காங்கற சூரிய தெய்வத்தோட பழம்னு சொல்லிட்டாங்க. வரைஞ்ச விதம் அட்டகாசம், அதுல சந்தேகமே இல்லை. ஆனா சக்தி மொக்கையா இருந்தது தானேய்யா அதோட அழகு?

முடியாத காரியமும் இல்லை இது. ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட் எழுதின அரகாவா ஹிரோமு, ஒண்ணு வேணும்னா அதுக்கு சமமா ஒண்ணு குடுக்கணும்னு ஆரம்பத்துலயே விதி போட்டாங்க. 27 தொகுப்பு கழிச்சு, தம்பியை மீட்க எட்வர்ட் குடுக்கற விலை என்ன? தன்னோட ரசவாத சக்தி மொத்தமும். என் உயிரை எடுத்துக்கோன்னு அப்பா முன்வந்தப்பவும் வேண்டாம்ங்கறான். ஹீரோ கடைசியில சக்தி இல்லாத சாதாரண ஆளா நிக்கறான், அதுதான் கிளைமாக்ஸ்.

டீமன் ஸ்லேயர் இன்னும் குறும்பு. சூரிய சுவாச வித்தை தெரிஞ்ச தஞ்சிரோ, அந்த மகா வீரன் யோரியிச்சியோட வம்சமாத்தான் இருப்பான்னு எல்லாரும் நினைப்போம். இல்லை. அவங்க முப்பாட்டன் வெறும் கரி விக்கறவர். யோரியிச்சி அவங்க வீட்டுல செஞ்சு காட்டினதைப் பாத்து வெச்சுக்கிட்டு, தலைமுறை தலைமுறையா வருஷம் தவறாம நடனமா ஆடி காப்பாத்தியிருக்காங்க. யோரியிச்சியோட அண்ணன் வம்சத்துல வந்த மேதைப் பையன் தோகிட்டோ தனியா ஒருத்தன் இருக்கான், ரெண்டே மாசத்துல ஹாஷிரா ஆனவன். அவனுக்கு கிடைக்காத வித்தை கரி விக்கற வீட்டுக்கு கிடைக்குது, ஆடி ஆடிப் பழகினதால. கொத்தோகே 23 தொகுப்புல செஞ்சு முடிச்சதை கிஷிமோட்டோவுக்கு 72லயும் செய்ய மனசு வரலை.

பி.கு: "அனிமேல ஃபில்லர் எபிசோட்ல நேஜிக்கு நல்ல சீன் இருக்கு"ன்னு பின்னூட்டம் போட வர்றவங்களுக்கு: முதல் தொடர்ல மட்டும் கடைசி 80 சொச்சம் எபிசோட் ஃபில்லர், அத்தனையும் பாத்தவன் நான். எனக்கு இன்னும் ஏதாவது தண்டனை பாக்கி இருக்கா? முத்திரையை எடுத்த பக்கம் மங்காவுல எங்கயாவது இருந்தா அத்தியாய எண்ணோட வாங்க, பேசுவோம்.