தெல்தெனிய கொடுத்த விலை

மகாவலி கங்கைக்குக் குறுக்கே எழுந்த விக்டோரியா அணையை 1985ஆம் ஆண்டு ஏப்ரல் 12ஆந் திகதி ஜனாதிபதி ஜே. ஆர். ஜயவர்த்தனாவும் பிரித்தானியப் பிரதம மந்திரி மார்கரட் தட்சரும் கூடிநின்று திறந்து வைத்தனர். உயரம் 122 மீற்றர். மின் உற்பத்தித் திறன் 210 மெகாவாற். பிரித்தானிய நன்கொடையையும் இலங்கைப் பொறியியலாளரின் உழைப்பையும் அன்று எல்லோரும் மெச்சினர். அந்த நீர்த்தேக்கத்தின் அடியில் பழைய தெல்தெனிய நகரம் கிடக்கின்றது. வயலும் தோட்டமும் கடைத்தெருவும் நீருள் மூழ்கின. ஏறக்குறைய 30,000 மக்கள் இடம்பெயர்ந்தனர். கடும் வரட்சியில் நீர் வற்றும்போது பழைய கட்டிடங்களின் சிதைவுகள் தலைகாட்டுகின்றன. வேடிக்கை பார்க்கக் கூட்டமும் சேர்கின்றது.

இன்று இந்தக் கதையை நாம் எடுப்பதற்குக் காரணம் உண்டு. 2015இல் எழுந்த பாரிஸ் உடன்படிக்கையை இலங்கை 2016இல் ஏற்று உறுதிசெய்தது. 2030ஆம் ஆண்டளவில் நாட்டின் மின்சாரத்தில் 70 வீதத்தைப் புதுப்பிக்கத்தக்க சக்தியிலிருந்து பெறுவோம் என்றும் அரசாங்கம் உலகுக்கு வாக்களித்துள்ளது. அந்த வாக்கின் பெருந்தூண்களுள் ஒன்று நீர்மின்சாரம். விக்டோரியாவின் மின்சாரம் புகையற்றது என்பதை நாம் மறுக்கவில்லை; நிலக்கரியைக் கப்பலில் ஏற்றிவந்து நுரைச்சோலையில் எரிப்பதிலும் அது எவ்வளவோ மேல். ஆனால் உலக மகாநாடுகளில் காட்டப்படும் கணக்கில் எத்தனை தொன் புகை மிச்சமாயிற்று என்பதற்கு ஒரு நிரல் இருக்கின்றது; யாருடைய நிலம் போயிற்று, போனவர்கள் எந்தச் சரிவில் குடியேறினார்கள் என்பதற்கு நிரல் இல்லை.

இடம்பெயர்ந்தோரில் ஒரு பகுதியினர் வரண்ட வலயத்து மகாவலிக் குடியேற்றங்களுக்குச் சென்றனர். அங்கே குடும்பமொன்றுக்கு இரண்டரை ஏக்கர் வயலும் அரை ஏக்கர் மேட்டுநிலமும் என்பது திட்டம். மற்றவர்கள் சுற்றியுள்ள மேட்டிலேயே தங்கினர். தும்பறைப் பள்ளத்தாக்கின் வளமான வயல்களை விட்டுச் செங்குத்தான சரிவில் ஏறிய விவசாயி என்ன செய்வான்? காய்கறி நட்டான், புகையிலை நட்டான். மழை அந்த மண்ணைக் கழுவிக் கங்கையிற் கொண்டுபோய்ச் சேர்த்தது. மேலேயுள்ள பொல்கொல்ல அணைக்கட்டு இவ்வண்ணம் மண்டிய வண்டலால் தன் கொள்ளளவில் பெரும் பங்கை இழந்தது. பழி மட்டும் விவசாயியின் தலையில்! மலைக்காட்டை முதன்முதல் வெட்டிச் சாய்த்தவன் அவனல்லன். 1840ஆம் ஆண்டுக் காணிச் சட்டத்தின் துணையோடு கோப்பித் துரைமார் வெட்டினார்கள். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தபின் தேயிலை வந்தது. மண் பாதுகாப்புச் சட்டமோ 1951இல்தான் வந்தது. எழுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அதனை முழுமையாக அமுல் நடத்திய அரசாங்கம் எது என்று நாம் கேட்கிறோம்.

காற்றின் வெப்பம் ஒரு பாகை ஏறினால் அது தாங்கும் நீராவி ஏறக்குறைய 7 வீதம் கூடுகின்றது என்பது பௌதிக விதி. ஆகவே மழை பெய்யும்போது கொட்டித் தீர்க்கின்றது. 2025 நவம்பர் இறுதியில் வந்த டிற்வா சூறாவளி இதன் கொடுமையைக் காட்டியது. நாட்டில் 600க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மண்சரிவுகளால் மிக மோசமாகத் தாக்குண்ட மாவட்டங்களுள் கண்டியும் ஒன்று. சராசரி இலங்கையர் ஒருவர் ஆண்டொன்றுக்கு வெளியிடும் கரியமிலவாயு ஏறக்குறைய ஒரு தொன். அமெரிக்கர் ஒருவர் வெளியிடுவது பன்னிரண்டு தொன்னுக்கும் மேல். லயத்து அறையில் விறகடுப்பு மூட்டும் தோட்டத் தொழிலாளியின் பங்கு அந்த ஒரு தொன்னிலும் எத்துணைச் சிறியது!

முன்னெச்சரிக்கை போதும் என்பாருக்கு மீரியபெத்தையை நினைவூட்டுகிறோம். பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தையை அடுத்த அத்தோட்டத்தில், 2014 ஒக்டோபர் 29ஆந் திகதி மலை சரிந்து லயங்களை மூடிற்று. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் அபாயத்தை அறிவித்திருந்தது. எழுந்து போங்கள் என்று சொல்வது எளிது; எங்கே போவது? 1948இல் பிரஜாவுரிமை பறிக்கப்பட்டு, 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடு அதனை முழுமையாகத் திரும்பப் பெற்ற இம்மக்களிற் பெரும்பாலாருக்கு இன்னும் காணி உறுதி இல்லை. விக்டோரியாவுக்காக எழுந்தவர்களுக்காவது மாற்று நிலம் என்றொரு திட்டம் இருந்தது.

2022இல் எகிப்தில் கூடிய காலநிலை மகாநாடு, வறிய நாடுகளின் இழப்பையும் சேதத்தையும் ஈடுசெய்ய நிதியமொன்றை அமைக்க இணங்கிற்று. 2023இல் துபாயில் அது செயலுருப் பெற்றது. இந்நிதியத்திடம் உரிமையோடு கேட்கும் தகுதி இலங்கைக்கு உண்டு. ஆனால் கொழும்பு கேட்டு வாங்கும் பணம் கொழும்பிலேயே தங்கிவிடக் கூடாது. பெருந்தெருவையும் பாலத்தையும் திருத்துவதற்கு முன்னரே, அபாயச் சரிவில் உள்ள ஒவ்வொரு லயத்துக் குடும்பத்துக்கும், ஒவ்வொரு கிராமத்துக் குடும்பத்துக்கும், பாதுகாப்பான இடத்தில் உறுதியோடு கூடிய காணி வழங்கப்படல் வேண்டும். மகாவலி மின்நிலையங்களின் வருமானத்தில் ஒரு குறித்த பங்கை, மேல்நீரேந்து பிரதேசத்தில் மரம் நடுவதற்கும் கல்வரம்பு கட்டுவதற்கும் சட்டத்தின் மூலம் ஒதுக்கவேண்டும். அவ்வேலைக்கான கூலி அச்சரிவில் வாழும் விவசாயிக்கே சேரவேண்டும்.

தமிழ்ப் பொறியியலாளரும் நில அளவையாளரும் வழக்கறிஞரும் இதில் வாளாவிருத்தல் தகாது. சரிவு அபாய வரைபடங்கள் வரையப்பட்டுள்ளன. அவற்றில் எந்தத் தோட்டத்தின் எந்த லயம் சிவப்புக் கோட்டுக்குள் விழுகின்றது என்பதைத் தமிழில் எழுதி, அந்த லயத்தின் வாசலிலேயே ஒட்டுவதற்கு அடுத்த பருவமழை வரையேனும் காத்திருக்க வேண்டியதில்லை.