கைவேலை அறிவோம்: புரட்டிப் போட ஒரு தாங்கி

சென்ற முறை தையல் மிஷினுக்கு எண்ணெய் விடும் விதத்தை எழுதியிருந்தேன். இந்த முறை சற்று வினோதமான பொருள். சிங்கப்பூருக்குப் பிள்ளையை வேலைக்கு அனுப்பியிருக்கும் தாய்மார்கள், "இது நமக்கு எதற்கு?" என்று பக்கத்தைத் தள்ளிவிட வேண்டாம்.

பின்பால் பெட்டியைப் பார்த்திருப்பீர்கள். கண்ணாடி மூடிய சாய்வுப் பலகை, அதன்மேல் ஓடும் எஃகுக் குண்டு, பக்கத்துக்கு ஒரு பொத்தான். சூதாட்டம் என்று சொல்லி நியூயார்க் நகரம் இதை 1942-இல் தடை செய்தது; 1976-இல்தான் தடை நீங்கியது. குண்டைத் தட்டி மேலே அனுப்பும் துடுப்புகள் 1947-இல் வந்த பிறகு, இதில் அதிர்ஷ்டத்தைவிடக் கைத்திறமையே அதிகம் என்பது என் எண்ணம்.

ஜாலான் புசாருக்கும் சிராங்கூன் சாலைக்கும் நடுவே 1923-இல் தொடங்கிய நியூ வேர்ல்டு கேளிக்கைப் பூங்கா 1987-இல் மூடப்பட்டது. இன்று அங்கே சிட்டி ஸ்குவேர் கடைத்தொகுதி நிற்கிறது. கேளிக்கைப் பூங்காக்கள் போனாலும், பழைய பின்பால் பெட்டிகளைத் தேடி வாங்கிச் செப்பனிடுகிறவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். என்னிடம் தோட்டப்பள்ளியில் படித்த பையன் ஒருவன் தேக்கா பக்கம் ஒரு பட்டறையில் இந்த வேலைதான் செய்கிறான். ஒருநாள் முழங்காலில் சாய்த்து வைத்திருந்த பலகை சரிந்தது. கம்பிகள் கொத்தோடு அறுந்தன. பையனுக்கு விரல் நசுங்கியது. நஷ்டத்தைச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்கள். "விளையாட்டுப் பெட்டிக்காகவா என் பிள்ளை விரலைக் கொடுக்கணும், வாத்தியாரையா?" என்று அவன் தாயார் கேட்டபோது எனக்குப் பதில் வரவில்லை. அடுத்த மாதமே பையன் தானாக ஒரு சுழல் தாங்கி செய்துகொண்டான். அதைத்தான் இங்கே சொல்கிறேன்.

பலகையின் மேல்புறம் அழகுக்கு, வேலையெல்லாம் அடிப்புறத்தில். கம்பிச் சுருள்கள், விளக்குகள், சுவிட்சுகள் எல்லாம் அங்கேதான் தொங்குகின்றன. ஒரு பல்பை மாற்றவே மேலும் கீழும் பத்துத் தரம் பார்க்க வேண்டும். ஆகவே கோழியைக் கம்பியில் கோத்து வாட்டுவதுபோல், பலகையின் இரு முனைகளையும் பிடித்துச் சுழலவிட வேண்டும்.

பலகை சுமார் 20 அங்குல அகலம். நீளம் 42 முதல் 46 அங்குலம் வரை வரும். இரண்டு கால்கள் செய்து, அச்சு தரையிலிருந்து 40 அங்குல உயரத்தில் இருக்கும்படி துளையிடுங்கள். பதப்படுத்தாத ரப்பர் மரம் வேண்டாம், பூச்சி அரித்துவிடும். கால்களை இணைக்கும் அடிச்சட்டத்தில் பல துளைகள் வைத்தால் நீளத்தைக் கூட்டிக் குறைக்கலாம். முக்கால் அங்குலத் தண்ணீர்க் குழாய்தான் அச்சு. உள்முனையில் பிளாஞ்ச் திருகி, அதில் ஒரு குறுக்குச் சட்டம். சட்டத்தில் பலகையைக் கவ்வும் கிளாம்ப்புகள். இரண்டு பக்கமும் இப்படியே. சுழலச் சுழலத் திருகு மரை கழன்றுவிடும். ஆகையால் பிளாஞ்சையும் குழாயையும் சேர்த்துத் துளைத்து ஒரு ஆணியைப் பூட்டிவிடுங்கள்.

முக்கியமான இடம் இனிமேல்தான். பலகைக்கு நேராக அச்சை வைத்தால், கனமான சுருள்கள் கீழே தொங்கும்வரை தொட்டில்போல் அமைதியாக இருக்கும். தலைகீழாகத் திருப்பியதும் கனம் மேலே போய், கையை உதறிக்கொண்டு படாரென்று சுழன்றுவிடும். பலகைக்கு ஓரிரு அங்குலம் கீழே, சுருள்கள் இருக்கும் பக்கமாக, அச்சு செல்லும்படி கிளாம்ப்பைத் தள்ளி வையுங்கள். எந்த நிலையில் விட்டாலும் பலகை அங்கேயே நின்றால் சரி. அப்படியும் நம்பிவிடாதீர்கள். வெளிமுனையில் ஒரு வட்டப் பலகை பொருத்தி, அதில் பன்னிரண்டு துளைகள் போட்டு, காலோடு சேர்த்து ஒரு போல்ட்டைச் செருகிய பிறகே கையை உள்ளே விட வேண்டும்.

பலகையைக் கழற்றுமுன் மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டுச் சற்று நேரம் பொறுங்கள். கண்டென்சர்களில் மிச்ச மின்சாரம் நிற்கும். குண்டுகளை எடுத்துவிடுங்கள், ஒவ்வொன்றும் 80 கிராம். கம்பி இணைப்புகளுக்குச் சீட்டு ஒட்டுங்கள். அமெரிக்கப் பெட்டிகளில் பல 120 வோல்ட்டுக்குக் கட்டியவை. நம் 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் புகைதான் மிஞ்சும்.

சாமான்களுக்கு முன்பெல்லாம் சுங்கை ரோடு சந்தை இருந்தது. 2017 ஜூலை 10-ஆம் தேதியோடு அது முடிந்துபோயிற்று. ஜாலான் புசார் இரும்புச் சாமான் கடைகளில் குழாயும் பிளாஞ்சும் கேட்டுப் பாருங்கள். வேலை இல்லாத நாளில் கதவுக்குச் சாயம் பூசவும் இதே தாங்கி உதவும்.

அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்கள் இதைப் பொதுத் தாழ்வாரத்தில் நிறுத்திவைக்கக் கூடாது. அங்கே 1.2 மீட்டர் வழி விட்டாக வேண்டும். எனவே அடிச்சட்டத்தைப் பசையால் ஒட்டாமல் போல்ட்டில் பூட்டுங்கள். கழற்றினால் கட்டிலுக்கு அடியில் அடங்கிவிடும்.