பச்சையைத் தேடி ஒரு பிரயாணம்

எங்கள் ஊருக்கு ஏரியூர் என்று பெயர் வைத்த புண்ணியவானை நான் இதுவரை சந்திக்கவில்லை. சந்தித்தால் ஒரு கேள்வி கேட்பதாக உத்தேசம். ஊருக்குச் சற்றுத் தூரத்தில் நாகமரைத் துறையில் நின்று பார்த்தால், மேட்டூர் நீர்த்தேக்கம் சமுத்திரம் போல் பரந்து கிடக்கிறது. 1934-ம் வருஷத்தில் கட்டி முடிந்த அணை. நிரம்பினால் 9,347 கோடி கன அடி ஜலம். அத்தனையும் தஞ்சைக்குப் போகிறது. எங்கள் கேழ்வரகும் சாமையும் நிலக்கடலையும் வானத்தைப் பார்த்தே விளைகின்றன. தண்ணீர் பள்ளத்தில் இருக்கிறது, நிலம் மேட்டில் இருக்கிறது, யாரை நொந்துகொள்வது?

இப்படிப்பட்ட ஊரில் வளர்ந்த என் மகள், "அப்பா, பச்சைப் பசேலென்று ஓர் இடத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும்" என்று கேட்டதில் ஆச்சரியமில்லை. கோடை விடுமுறையில் கோத்தகிரிக்குப் புறப்பட்டோம்.

விசைப்படகில் அக்கரைப் பண்ணவாடிக்குச் சென்றோம். அணையில் நீர் இறங்கியிருந்தபடியால், முழுகிப்போன ஜலகண்டேசுவரர் ஆலயத்து நந்தி வெளியே தலை நீட்டிக்கொண்டிருந்தது. அதைச் சுற்றி ஒரு காலத்தில் கிராமம் இருந்தது. அணைக்காக ஊரை விட்டு மேடேறிய குடும்பங்களின் வாரிசுகளே இன்று எங்கள் பக்கத்தில் பலர். என் மனைவி நந்திக்கு ஒரு கும்பிடு போட்டாள்.

அக்கரையில் ஒரு வாடகை மோட்டார் காத்திருந்தது. கொளத்தூர், மேட்டூர், அந்தியூர் எல்லாம் வெயிலிலேயே கடந்தன. கோபிசெட்டிபாளையம் வந்ததும் திரை விலகினாற்போல் காட்சி மாறிற்று! கொடிவேரி அணையிலிருந்து புறப்படும் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்கள் செய்கிற மாயம் அது. நெல்வயல், வாழை, கரும்பு, தென்னை, வரப்பெல்லாம் ஈரம். சினிமாக்காரர்கள் இங்கே முகாம் போடுவதில் தப்பே இல்லை. நான் பெருமூச்சு விட்டதை மகள் கவனித்துவிட்டாள். பொறாமை ஆசிரியருக்கு அழகல்ல என்பது வாஸ்தவந்தான்.

சத்தியமங்கலம் வழியாக மேட்டுப்பாளையம் சேர்ந்து மலையேறினோம். குஞ்சப்பனையில் பலாப்பழ வாசனை. அந்த வாசனைக்கு யானைகளும் வருமாம். ஆகையால் வண்டியோட்டி அங்கே வண்டியை நிறுத்த மறுத்துவிட்டார். அதன் பிறகு தேயிலை. மலை மலையாகக் கத்தரித்துச் சீவிவிட்டாற்போல் தேயிலை. விட்டால் மரமாக வளரக்கூடியதை இடுப்பளவிலேயே வெட்டி வெட்டி நிறுத்தியிருக்கிறார்கள். சோலைக்காடும் புல்வெளியுமாக இருந்த மலை இது. வெள்ளைக்காரர் காலத்தில்தான் இந்தப் பச்சை வந்தது.

வழியில் ஒரு தோட்டத்து ஓரமாகக் கொழுந்துக் கூடையை இறக்கி வைத்து ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். வயது அறுபதுக்கு மேல். நாங்கள் எந்த ஊர் என்று விசாரித்தார். தர்மபுரிப் பக்கம் என்றேன்.

"அப்போ பழைய சேலம் ஜில்லாவுங்களா? எங்க தாத்தாவும் சேலம் ஜில்லாதானுங்க ஐயா. எந்த ஊருன்னு தெரியல. அப்பாவுக்கே தெரியாது."

தாத்தா கங்காணியோடு கண்டிச் சீமைக்குப் போனவர். இவர் பிறந்தது அங்கே ஒரு தோட்ட லயத்தில். ஏழு வயதில் தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கியவர். 1964-ம் வருஷத்துச் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி இந்தியா ஏற்றுக்கொள்ளச் சம்மதித்தது 5,25,000 பேரை. அவர்களில் ஒரு பகுதியினருக்கு வேலை கொடுக்கத்தான் நமது சர்க்கார் 1968-ல் நீலகிரியில் தேயிலை பயிரிடத் தொடங்கிற்று. வகுப்பில் இந்த ஒப்பந்தத்தை இரண்டு வரியில் முடித்துவிடுகிறவன் நான்.

"பாட்டி, அந்த ஊருக்குத் திரும்பப் போகணும்னு இருக்கா?" என்று மகள் கேட்டாள்.

"எந்த ஊருக்குடா கண்ணு?" என்றார் அவர்.

மகள் என்னைப் பார்த்தாள். நான் தேயிலையைப் பார்த்தேன்.

பேச்சை மாற்றுவதற்காக விலைவாசியை விசாரித்தேன். அதுவும் சுபமாக இல்லை. ஒரு கிலோ தூளுக்கு நாலு கிலோவுக்கு மேல் பசுந்தேயிலை வேண்டும். சொந்தமாக ஓர் ஏக்கர், அரை ஏக்கர் வைத்திருப்பவர்களுக்கு அந்தப் பசுந்தேயிலை விலை கட்டுபடியாவதில்லை. கிலோவுக்கு 33 ரூபாய் 50 காசு வேண்டுமென்று 2023-ல் அவர்கள் உண்ணாவிரதமே இருந்தார்கள். நாம் கடையில் ஒரு கோப்பைக்குக் கொடுப்பதை இத்துடன் ஒப்பிட்டு என் மனைவி கணக்குப் போட்டாள். கணக்கு ஆசிரியர் நானல்ல என்பதால் தப்பித்தேன்.

மறுநாள் மாலை பண்ணவாடித் துறைக்குத் திரும்பினோம்.

"மலையிலே மழையா சார்?" என்று படகோட்டி ஆவலோடு கேட்டார்.

"நல்ல மழை" என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. கோத்தகிரி மழை பவானியில் இறங்கி, மேட்டூர் அணைக்குக் கீழேதான் காவேரியில் கலக்கிறது என்பதை அக்கரை சேரும் வரையில் நான் சொல்லவில்லை.