முதலில் வெட்டப்படுவது பெண்பிள்ளைகளின் பங்கு

கருவுற்ற மாணவிகள் பள்ளிக்கு வரக் கூடாது, தேர்வு எழுதக் கூடாது என்ற ஐந்தாண்டுத் தடையை 2020 மார்ச் 30 அன்று சியரா லியோன் அரசு நீக்கியது. மறுநாளே அந்நாட்டின் முதல் கொரோனா நோயாளி கண்டறியப்பட்டார். எபோலா புகட்டிய பாடம் அரசின் காதில் ஏறுவதற்குள் அடுத்த கொள்ளைநோய் வந்துவிட்டது.

2014இல் எபோலா பரவியபோது அங்கே பள்ளிகள் ஏறக்குறைய ஒன்பது மாதம் மூடிக் கிடந்தன. பிழைப்பு நின்றுபோன வீடுகளின் பெண்பிள்ளைகள் பலர் அந்த மாதங்களில் கருவுற்றார்கள். வன்முறைக்கு ஆளானவர்களும் அவர்களில் உண்டு. பள்ளி திறந்ததும் அரசு அவர்களைத்தான் தண்டித்தது. வாரத்தில் சில நாள், சில பாடங்கள் மட்டும் என்று தனி வகுப்புகள் நடந்தன. அவற்றுக்குப் பணம் தந்தவை பிரிட்டனும் அயர்லாந்தும். ஒதுக்கிவைப்பதற்கும் வெளிநாட்டு உதவி கிடைக்கும் போலும்! தடையும் தனி வகுப்பும் பாகுபாடே என்று மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் பொது நீதிமன்றம் தீர்ப்பளிக்க 2019 டிசம்பர் ஆனது.

அதே எபோலா காலத்தில், அதே நாட்டில் வேறொரு கூட்டுறவும் நடந்தது. வங்கதேசத்தில் பிறந்த பிராக் அமைப்பு, உகாண்டாவில் நடத்திப் பார்த்த வளரிளம் பெண்கள் மன்றங்களை சியரா லியோனுக்கும் கொண்டுவந்தது. எபோலாவுக்கு முன்பே திட்டமிட்ட வேலை அது. ஊரில் பாதுகாப்பான ஓர் இடம், வழிகாட்ட ஓர் இளம்பெண், உடல்நலம் பற்றிய பேச்சு, சிறு தொழிற்பயிற்சி, அவ்வளவுதான். 200 கிராமங்களில் நடந்த ஆய்வின்படி, நோயால் கடுமையாக முடங்கிய, மன்றம் இல்லாத ஊர்களில் பெண்பிள்ளைகளின் பள்ளிச் சேர்க்கை 16 சதவீதப் புள்ளிகள் சரிந்தது. மன்றம் இருந்த ஊர்களில் சரிவு வெகுவாகக் குறைந்தது. இந்தத் தடுப்பை நோய் வந்த பிறகு அவசர அவசரமாகக் கட்ட முடியாது.

ஆனால் பணக்கார நாடுகள் செய்வது என்ன? கொரோனாவின் முதலாண்டில் 115 நாடுகளில் சுமார் 1.2 கோடிப் பெண்களுக்குக் கருத்தடைச் சேவை தடைபட்டது, 14 லட்சம் பேர் விரும்பாமல் கருவுற்றனர் என்று ஐ.நா. மக்கள்தொகை நிதியம் மதிப்பிட்டது. அந்த மதிப்பீடு வந்த அடுத்த மாதமே, கருத்தடைச் சாதனங்களும் தாய்மைநல மருந்துகளும் வாங்க அந்த நிதியத்துக்குத் தருவதாகச் சொன்ன 15.4 கோடி பவுண்டை 2.3 கோடியாகச் சுருக்கியது பிரிட்டன். 2025இல் அமெரிக்கா தன் உதவி முகமையையே இழுத்து மூடியது. 2027க்குள் தேசிய வருமானத்தில் 0.3 சதவீதமாக உதவியைக் குறைக்கப்போவதாக பிரிட்டனும் அறிவித்தது.

இவற்றுள் அதிகம் பேசப்படாத ஒரு வெட்டு நம்மை மிகவும் அச்சுறுத்துகிறது. எந்த வயதில் மணமானது, பிரசவம் எங்கே நடந்தது, கணவன் அடித்தானா என்று சுமார் 90 நாடுகளில் வீடு வீடாகக் கேட்டுவந்த மக்கள்தொகை, உடல்நலக் கணக்கெடுப்புத் திட்டத்தை 2025 பிப்ரவரியில் அமெரிக்கா ரத்து செய்தது. நமது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. தனியார் அறக்கட்டளைப் பணம் அதற்குச் சிறிது மூச்சுக் கொடுத்திருக்கிறது. அரசுகள் செய்ய வேண்டியதற்கு அது ஈடாகாது. கணக்கே எடுக்காவிட்டால், அடுத்த முறை எத்தனை சிறுமிகள் பள்ளியிலிருந்து மறைந்தார்கள் என்று யாரைக் கேட்பது?

2025 மே மாதம் ஜெனீவாவில் ஏற்கப்பட்ட கொள்ளைநோய் ஒப்பந்தம், 60 நாடுகள் உறுதி செய்தால்தான் நடைமுறைக்கு வரும். அதைச் சுற்றி நடந்த பேரமெல்லாம் பெரும்பாலும் கிருமி மாதிரிகளையும் தடுப்பூசிப் பங்கீட்டையும் பற்றியது. பள்ளி மூடும் நாளிலேயே சிறுமிகளுக்கான இடங்களும் பிரசவ வார்டுகளும் திறந்திருக்க, முன்கூட்டியே ஒதுக்கிய, பாதியில் பிடுங்க முடியாத நிதி வேண்டும். தென்னுலகின் குரல் என்று சொல்லிக்கொள்ளும் இந்தியா இதைக் கேட்க வேண்டும். கேட்கும் முன், உலக சுகாதார அமைப்பு 2022இல் விருது அளித்த நம் ஆஷா பணியாளர்களை இன்னமும் ‘தன்னார்வலர்’ பட்டியலில் வைத்திருப்பதை நிறுத்தி, அவர்களுக்கு மாதச் சம்பளம் நிர்ணயிக்கட்டும்.