பழைய பிக்கப் வாங்கப் போகிறீர்களா?

புவனகிரி பக்கம் நெல், காய்கறி ஏற்றப் பழைய பிக்கப் தேடுபவர்கள் முதலில் பார்ப்பது பெயின்ட்டையும் டயரையும்தான். பார்க்க வேண்டியதோ வண்டியின் அடிப்பகுதியை. பரங்கிப்பேட்டைக் கடற்கரை பக்கத்திலேயே இருக்கிறது. மீன் ஏற்றிய வண்டி என்றால், வடிந்த உப்புத் தண்ணீர் சேஸிஸை அரித்திருக்கும். அடியில் மட்டும் புதுக் கறுப்பு பெயின்ட் இருந்தால் சந்தேகப்படுங்கள். பட்டை மாட்டியிருக்கும் இடங்களில் ஸ்பேனரால் தட்டுங்கள். கணீரென்று கேட்க வேண்டும். துரு உதிர்ந்தால் அந்த வண்டி வேண்டாம்.

அடுத்து இன்ஜின். காலையில் போய், பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். முன்பே சூடாக்கி வைத்திருந்தால் மறுநாள் வருவதாகச் சொல்லிவிடுங்கள். குளிர்ந்த இன்ஜின்தான் உண்மையைச் சொல்லும். நீலப் புகை விடாமல் வந்தால் ஆயில் எரிகிறது. இன்ஜின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தால் குபுகுபுவெனப் புகை வருகிறதா? பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம். டிப்ஸ்டிக்கில் ஆயில் பால் காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது.

காலியாக ஓட்டிப் பார்த்தால் போதாது. பாரம் ஏற்றி ஒரு மேட்டில் ஏற்றுங்கள். இன்ஜின் இரைந்தும் வண்டி வேகம் பிடிக்காவிட்டால் கிளட்ச் போய்விட்டது.

எஃப்.சி., இன்ஷூரன்ஸ், ஃபைனான்ஸ் பாக்கி இவற்றையும் சரிபாருங்கள். விற்பவர் சொல்லும் மெக்கானிக் வேண்டாம். உங்களுக்குத் தெரிந்தவரைக் கூட்டிப் போங்கள். வீட்டு நகை அடகுக் கடையில் இருக்கும்போது, அவருக்குத் தரும் கூலி வீண் செலவல்ல.