ஐந்து நிமிடத்தில் அடங்காத கோங்

விழா நடத்துபவர்களிடையே ஒரு கருத்து வேரூன்றிவிட்டது. ஜாவாவின் கமெலான், பாலியின் கெபியார், பிலிப்பைன்ஸின் மின்டானாவோ தீவின் குலிந்தாங் என்று, கோங் என்னும் உலோகத் தட்டுகளை வைத்து வாசிக்கும் தென்கிழக்காசிய இசை எதுவானாலும் அது கோயிலுக்கும் அரண்மனைக்கும் உரியது, இன்றைய மேடைக்கு ஒத்துவராது என்கிறார்கள். விருந்தினர் உள்ளே வரும்போது வாசலோரம் ஐந்து நிமிடம் வாசித்தால் அழகாக இருக்குமாம். அதற்கு மேல் போனால் கூட்டம் கலைந்துவிடுமாம். சொல்பவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. ஒருமுறை முயன்று பார்த்து, சரிப்படாமல் போய், அந்த அனுபவத்திலிருந்து பேசுகிறவர்களே அதிகம். தோற்றது இசையா, ஏற்பாடா என்பதை மட்டும் அவர்கள் பிரித்துப் பார்ப்பதில்லை.

அப்படி ஒரு தோல்வியை அருகிலிருந்து பார்த்தவன் நான். அது ஒரு விருந்து மண்டபம். கருவிகளை நாலடி உயர மேடையில் ஏற்றியிருந்தார்கள். தரையில் சம்மணமிட்டு வாசிக்கும் இசை அது. கருவிகளின் செதுக்குமரச் சட்டங்கள் முன்னால் மறைத்துக்கொள்ள, கீழே இருந்தவர்களுக்குக் கலைஞர்களின் தலை மட்டும் தெரிந்தது. யாருடைய கை என்ன செய்கிறது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. ஒலிபெருக்கியிலிருந்து தகரம் தட்டுவது போல ஒரு சத்தம். ஆறாவது நிமிடத்தில் அறிவிப்பாளர் மைக்கைப் பிடித்து நன்றி சொல்லிவிட்டார். வாசித்துக்கொண்டிருந்த சுற்றை முடிக்கும் கோங் அப்போது இன்னும் விழவில்லை. பெரிய கோங்குக்கு முன் உட்கார்ந்திருந்த முதியவர் ஓங்கிய கட்டையை மெதுவாக மடியில் வைத்துக்கொண்டார். அந்தக் காட்சி என்னை விட்டுப் போகவில்லை. இதை எழுதத் தூண்டியதும் அதுதான்.

"திரும்பத் திரும்ப ஒன்றையே தட்டுகிறார்கள்" என்பது வழக்கமான முதல் குற்றச்சாட்டு. தொடையில் தாளம் போட்டுக் கச்சேரி கேட்கிறவருக்கு இதற்கு விடை தெரியும். ஆதி தாளமும் எட்டு அட்சரத்தையே சுற்றிச் சுற்றி வருகிறது. அதை யாரும் சலிப்பு என்பதில்லை. சுற்றுக்குள் என்ன நடக்கிறது என்று கவனிக்கிறோம். ஜாவாவிலும் ஆவர்த்தனம் உண்டு. 'லாட்ராங்' என்னும் வடிவத்தில் அது 32 தட்டு. அதை நான்காகப் பகுத்துக் கெனோங் என்னும் குமிழ்க் கோங் ஒலிக்கும். இடையிடையே தொங்கவிட்ட கெம்புல் என்னும் சிறிய கோங் விழும். 32ஆம் தட்டில் பெரிய கோங். நம் காது தடுமாறும் இடம் ஒன்று இங்கே இருக்கிறது. நமக்குச் சமம் என்பது சுற்றின் தொடக்கம். அவர்களுக்குக் கனம் முழுவதும் கடைசித் தட்டில் இருக்கிறது. எல்லாமே கோங்கை நோக்கி நடக்கிறது. இது தெரியாமல் கேட்டால் வெறும் தட்டல். தெரிந்துவிட்டால் ஒவ்வொரு கெனோங்கும் அந்தக் கோங்கை எதிர்பார்க்க வைக்கும்.

அந்த 32 தட்டும் ஒரே அளவில் நிற்பதில்லை. 'இரமா' என்று ஒன்று உண்டு. கெண்டாங் என்னும் மத்தளத்தை வாசிப்பவர் வேகத்தை மெல்ல இறக்குவார். அடிப்படை மெட்டின் தட்டுகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகிப்போகும். அந்த இடைவெளியைச் சின்னக் கருவிகள் இரட்டித்து இரட்டித்து நிரப்பும். பெக்கிங் என்ற சிறிய சாரோன் (உலோகப் பட்டைக் கருவி), மெட்டின் ஒரு தட்டுக்கு ஒரு தட்டு என்று தொடங்கி, இரண்டு, நான்கு, எட்டு, பதினாறு வரை போகும். சட்டகம் மெதுவாகிறது, உள்ளே இருப்பது நுணுகுகிறது. வேகமான இரமாவில் அரை நிமிடத்துக்குள் முடிந்த அதே சுற்று, விரிந்த இரமாவில் இரண்டு நிமிடத்தையும் தாண்டும். ஒரே பல்லவியை மூன்று காலத்தில் பாடக் கேட்டு மகிழ்கிற நமக்கு இந்த இன்பம் புரியாமல் போகாது. ஆனால் அது நடப்பதற்கு நேரம் வேண்டும். ஐந்து நிமிடம் கொடுத்தால், இசை தன் முதல் வேகத்தை விட்டு இறங்கும் தறுவாயிலேயே முடிந்துவிடும். பிறகு "ஒரே மாதிரி இருக்கிறது" என்று குறை சொல்வது, ஆலாபனையின் முதல் நிமிடத்தில் எழுந்துபோனவர் ராகத்தில் சரக்கில்லை என்பதைப் போன்றது.

சரி, மெதுவான இசை என்றே வைத்துக்கொள்வோம் என்பவர்களைப் பாலிக்குத்தான் அனுப்ப வேண்டும். 1910களில் வட பாலியில் பிறந்த கெபியார் பாணியின் பெயருக்கே வெடித்து மலர்வது என்று பொருள். முப்பது பேர் ஒரே கணத்தில் ஒரே அடியில் இறங்குவார்கள், பாய்வார்கள், சட்டென நிற்பார்கள். அண்மைக்காலமாகக் கோங்கைத் தட்டி ஆளைப் படுக்கவைத்து மனத்தை அமைதிப்படுத்தும் நிகழ்ச்சிகள் பெருகியிருப்பதால், கோங் என்றாலே தாலாட்டு என்று பலர் நினைத்துவிட்டார்கள். கெபியார் கேட்டுத் தூங்கியவர் யாரும் இருக்க முடியாது. 1979இல் டென்பசாரில் தொடங்கி ஆண்டுதோறும் நடக்கும் பாலி கலை விழாவில், இரண்டு ஊர்க் குழுக்கள் எதிரெதிரே அமர்ந்து மாறி மாறி வாசிக்கும் போட்டிதான் கூட்டத்தை ஈர்ப்பது. தன் ஊர்க் குழுவுக்காகக் கத்தி, எதிர்க்குழுவைக் கேலி செய்து, திறந்தவெளி அரங்கை நிறைக்கும் அந்தக் கூட்டத்தைப் பார்த்தவர், கோங் இசைக்குப் பொதுமக்கள் வரமாட்டார்கள் என்று சொல்ல மாட்டார்.

ஜாவாவிலும் அப்படித்தான். நபிகள் நாயகத்தின் பிறந்த மாதத்தில் யோக்யகர்த்தாவிலும் சுரகர்த்தாவிலும் செக்கட்டேன் விழா நடக்கும். அரண்மனையின் மிகப் பெரிய கமெலான் கருவிகளைப் பெரிய பள்ளிவாசலின் முற்றத்துக்குக் கொண்டுவந்து, இரு பக்கத்து மண்டபங்களில் வைத்து, மாற்றி மாற்றி நாள்கணக்கில் வாசிப்பார்கள். அவை ஊரைக் கூட்டுவதற்கென்றே உரத்து ஒலிக்கச் செய்த கருவிகள். வயாங் கூலிட் என்னும் தோல்பாவைக் கூத்தோ இரவு ஒன்பது மணிக்குத் தொடங்கினால் விடியும்வரை. இராமனும் அர்ச்சுனனும் திரையில் நடக்க, கமெலான் இரவை மூன்று பகுதியாகப் பகுத்து ஒவ்வொன்றையும் ஒரு 'பத்தெட்', அதாவது ராகம் போன்ற ஒரு சுர அமைப்பில் வாசிக்கும். நம் ஊர்க் கூத்தைப் போலவே பார்ப்பவர்கள் நடுவில் எழுந்து போவார்கள், தின்பார்கள், ஒரு தூக்கம் போட்டுத் திரும்பி வருவார்கள். வருவதும் போவதும் அந்த இரவின் பகுதி. ஆள் எழுந்தாலே தோல்வி என்று நாற்காலியை எண்ணிக்கொண்டிருக்கும் விழாக்காரருக்குத்தான் இது கலைவதாகத் தெரிகிறது.

அடுத்தது ஒலி. "மைக் வைத்தாலும் எடுபடவில்லை" என்கிறார்கள். எப்படி வைத்தீர்கள் என்று கேட்டால் பெரும்பாலும் விடை வெளிவந்துவிடும். பெரிய கோங்கின் அடிநாதம் மிகத் தாழ்ந்தது; காதைவிட வயிறு அதை முதலில் உணரும். விருந்து மண்டபத்தின் சின்ன ஸ்பீக்கர் பெட்டியால் அந்தத் தாழ்ந்த நாதத்தை வெளியே கொண்டுவர முடியாது. மேலே மிதக்கும் உலோகச் சத்தத்தை மட்டும் அது பெருக்கிக் கொடுக்கும். நான் கேட்ட தகரச் சத்தம் அதுதான்.

பாலி இசையில் சிக்கல் இன்னும் நுட்பமானது. அங்கே வேகமான மெட்டு ஒருவர் கையில் இருப்பதில்லை. 'கொட்டேக்கான்' என்ற முறையில் ஒருவர் 'பொலோஸ்' வாசிக்க, அவர் விட்ட இடங்களில் இன்னொருவர் 'சங்சி' வாசிப்பார். இரண்டும் பல்சக்கரம் போலக் கோத்துக்கொண்டால்தான் மெட்டு. வாசித்த சுரத்தை மறு கையால் பிடித்து அடக்கிக்கொண்டே அடுத்ததற்குப் போக வேண்டும். ஒலியமைப்பாளர் முன்வரிசைக் கருவி ஒன்றுக்கு மைக் வைத்து மற்றதை விட்டுவிட்டால், சபைக்குப் போவது பாதி மெட்டு. ஓட்டை ஓட்டையாகக் கேட்கும் அந்தப் பாதியை வைத்துக்கொண்டு இசையை எடைபோடுகிறோம்.

ஜோடிக் கருவிகளின் சுருதியும் அப்படியே. ஒன்றைச் சற்றுத் தாழ்த்தி, மற்றதைச் சற்று உயர்த்திச் செய்வார்கள். இரண்டும் சேர்ந்து ஒலிக்கும்போது நொடிக்கு ஐந்து முதல் எட்டு முறை நாதம் துடிக்கும். அந்தத் துடிப்புக்கு 'ஓம்பாக்', அதாவது அலை என்று பெயர். பாலிக் கருவி உயிரோடு இருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். ஒற்றை மைக்கில் அந்த அலையும் போய்விடும்.

இதற்குத் தீர்வு பெரிய செலவு கேட்பதல்ல. சாரோன், போனாங் போன்ற உரத்த கருவிகளுக்கு நடுத்தர மண்டபத்தில் மைக்கே வேண்டாம். பாடுகிற பெண், ரெபாப் என்ற இரு தந்தி வில்கருவி, மென்மையாக ஒலிக்கும் கெந்தேர், இவற்றைக் கொஞ்சம் தூக்கிவிட்டால் போதும். திறந்தவெளி என்றால் குழு முழுவதையும் மேலிருந்து கேட்கும் இரண்டு மைக்கும், தாழ்ந்த நாதத்துக்கான பெரிய ஸ்பீக்கரும் வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியமானது தரை. ஜாவாவில் இந்த இசை வளர்ந்த 'பெண்டோப்போ' சுவரில்லாத தூண் மண்டபம். மேலே உயர்ந்த கூரை, கீழே வழவழப்பான தரை, சுற்றிலும் அதே மட்டத்தில் கேட்பவர்கள். மேடையை அரையடிக்கு இறக்கி, பின்வரிசையைப் படியாக உயர்த்தி, மூன்று பக்கமும் ஆட்களை உட்காரவைத்துப் பாருங்கள். கைகள் தெரியத் தொடங்கியதும் குழந்தைகள்கூட அசையாமல் பார்ப்பார்கள்.

சுருதி சேரவில்லை என்ற புகாருக்கு அதிக இடம் தேவையில்லை. ஐந்து சுரத்து ஸ்லெண்ட்ரோ, ஏழு சுரத்து பெலோக் இரண்டும் பியானோக் கட்டைகளில் பொருந்தாதவை. ஒரு குழுவின் கருவிகள் இன்னொரு குழுவோடும் சேராது, ஒவ்வொரு தொகுதியும் தனக்குள் சுருதி சேர்ந்தது. அதனோடு கீபோர்டைச் சேர்த்து வாசிக்கச் சொன்னால் பிசிறடிக்கத்தான் செய்யும். 1889இல் பாரிஸ் கண்காட்சியில் ஜாவா இசையைக் கேட்ட பிரெஞ்சு இசையமைப்பாளர் தெபுசி அதில் பிழையைக் கேட்கவில்லை. தன் இசையையே மாற்றும் ஒன்றைக் கேட்டார். 1977இல் வாயேஜர் விண்கலங்களோடு அனுப்பிய தங்கத் தட்டிலும், யோக்யகர்த்தாவின் பாக்கு ஆலாமான் அரண்மனையில் பதிவுசெய்த கமெலான் இருக்கிறது.

கடைசி வாதம்தான் மதிக்கத்தக்கது. "இது சடங்கு இசை, மேடையில் ஏற்றினால் புனிதம் கெடும்" என்பது. இதைச் சொல்பவர்களுக்கு அக்கறை இருக்கிறது. ஆனால் இந்தக் கேள்வியைப் பாலியின் கலைஞர்களும் சமயப் பெரியவர்களும் நமக்கு முன்பே கேட்டு விடையும் கண்டுவிட்டார்கள். 1971இல் டென்பசாரில் கூடிப் பேசித் தங்கள் கலைகளை மூன்றாகப் பகுத்தார்கள்: கோயிலின் உள் முற்றத்துக்கே உரியவை, சடங்கோடு ஒட்டி நடப்பவை, பார்த்து மகிழ்வதற்கானவை. மேடைக்கு எது போகலாம், எது போகக்கூடாது என்ற எல்லை அந்த மக்களிடமே இருக்கிறது. விழாக்காரர் செய்ய வேண்டியது அவர்களிடம் கேட்பது. அதற்கும் முன்பே, 1952இல், பெலியாத்தான் ஊர்க் குழு அனாக் அகுங் கெடே மண்டேராவின் தலைமையில் லண்டனிலும் நியூயார்க்கின் பிராட்வேயிலும் ஆடி வாசித்தது. அந்தப் பயணத்துக்கென்றே நடனக் கலைஞர் இ மாரியோ அமைத்துக் கொடுத்த வண்டு நடனம், ஓலெக் தமுலிலிங்கான், இன்றும் பாலியில் ஆடப்படுகிறது. மேடை அங்கே புதியதொன்றைப் பிறப்பித்தது.

மேடையில் ஏற்றினாலும் மறக்கக்கூடாதவை சில உண்டு. கருவியைத் தாண்டிக் கால் வைக்கக்கூடாது, செருப்போடு போகக்கூடாது. பெரிய கோங்குக்குப் பூவும் ஊதுபத்தியும் வைக்கக் கலைஞர்கள் இடம் கேட்டால் கொடுக்க வேண்டும். ஆயுத பூசையன்று கருவிக்குப் பொட்டு வைக்கிற நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மண்டப விதியைக் காட்டி ஊதுபத்தியை மறுத்தவர்களை நான் கண்டிருக்கிறேன். அதே மண்டபத்தில் புகை இயந்திரம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

மறுப்பவர்கள் பக்கம் நியாயம் இருக்கும் ஓர் இடத்தை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். வியட்நாமின் தை நுயென் மேட்டுநிலத்தில் பல இனக்குழுக்களின் வழக்கத்தில் ஆளுக்கு ஒரு கோங், ஆளுக்கு ஒரு சுரம். எல்லோரும் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் வட்டமாக நடந்துகொண்டே வாசிப்பார்கள். மெட்டு அந்த நடையில் பிறக்கிறது. 2005இல் யுனெஸ்கோ அறிவித்த பெயரிலேயே இசை என்ற சொல் இல்லை. கோங் பண்பாட்டின் 'வெளி' என்றுதான் இருக்கிறது. அவர்களைக் கேமராவுக்கு முகம் காட்டி ஒரே வரிசையில் நிற்கவைத்தால் உண்மையிலேயே ஏதோ ஒன்று செத்துப்போகிறது. அதற்காக அழைக்காமல் இருக்க வேண்டுமா? மேடையை விட்டுவிட்டு மைதானத்தைக் கொடுங்கள். நடுவில் ஒரு கம்பம் நடுங்கள். கூட்டம் சுற்றி நிற்கட்டும்.

கருவிகளைக் கொண்டுபோவது கடினம் என்பார்கள். முழு ஜாவாத் தொகுதிக்கு லாரி வேண்டும், உண்மைதான். ஆனால் பாலியின் கெந்தேர் வயாங்குக்கு நான்கு கருவிகள் போதும். மகுயின்டனாவோ மக்களின் குலிந்தாங் குழுவுக்கு ஐந்து பேர் போதும். எட்டுக் குமிழ்க் கோங்குகளை ஒரு வரிசையில் அடுக்கிக் கல்யாண வீட்டில் வாசித்து வளர்ந்த இசை அது.

இனி அழைப்பவர்களிடம் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். ஜாவா உருப்படி முடியும்போது கெண்டாங் குறிப்புக் கொடுக்கும், எல்லோரும் வேகம் தளர்வார்கள், கடைசிக் கோங் எதிர்பார்த்ததைவிட ஒரு மூச்சு தாமதமாக விழும். மற்றவர்கள் அதற்காகக் காத்திருந்து, அது விழுந்த பிறகே தங்கள் கடைசிச் சுரத்தை வைப்பார்கள். பிறகு அந்த நாதம் மண்டபத்தில் வெகுநேரம் நிற்கும். அறிவிப்பாளரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்: கோங் அடித்தவர் கட்டையைக் கீழே வைத்த பிறகு மைக்கை எடுத்தால் போதும்.